'புண்பட்டிருந்தால்' என்ற சொல்லை மன்னிப்பிலிருந்து நீக்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மேடையில் கைதட்டல் வாங்க மாற்றுத்திறனாளிகளைக் கேலிப்பொருளாக்குவதும், காணொலி பரவியதும் 'யார் மனமாவது புண்பட்டிருந்தால் வருந்துகிறேன்' என்று அறிக்கை விடுவதும் நம் பொதுவாழ்வில் வாடிக்கையாகிவிட்டன. 2025 ஏப்ரலில் தி.மு.க. பொதுச்செயலாளர் துரைமுருகன் மாற்றுத்திறனாளிகளைக் குறித்த தம் பேச்சுக்கு வருத்தம் தெரிவித்தார். அதே நாட்களில் சமயத்தையும் பெண்களையும் இழிவாகக் கேலி செய்த பேச்சுக்காகக் க. பொன்முடி கட்சிப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். மாத இறுதியில் அவருடைய அமைச்சர் பதவியும் போனது. ஒவ்வொரு முறையும் எழும் முணுமுணுப்பு ஒன்றுதான்: 'இனி வாயையே திறக்கக் கூடாதா?'

திறக்கலாம். சட்டம் தடுப்பது மிகக் குறைவானதையே. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன் 92ஆம் பிரிவின்படி, பொதுமக்கள் பார்வையில் படும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, வேண்டுமென்றே ஒருவரை அவமதித்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 5 ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. நோக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்பதால் வாய்தவறி வந்த ஒரு சொல் இதில் சிக்காது. ஆனால் இச்சட்டத்தின் அட்டவணையில் 21 வகைக் குறைபாடுகள் இருப்பதைப் பல பேச்சாளர்கள் அறிவதில்லை. பேச்சுக் குறைபாடு, குள்ளத்தன்மை, மனநோய், தொழுநோயிலிருந்து குணமானவர்கள், அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் அடக்கம். நம் மேடை நகைச்சுவை அதிகம் கைவைப்பதும் இவர்கள் மீதுதான்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தாலே எது சரி, எது தவறு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். காது கேளாதவர் ஒன்றைக் கேட்டு வேறொன்றைச் சொல்லும் பழைய துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே சிரிக்க வைப்பது ஒலி மயங்கிய சொல். காதுக்குப் பதிலாகக் கரகரக்கும் தொலைபேசியை வைத்தாலும் துணுக்கு அப்படியே நிற்கும். ஆகவே அங்கே காது கேளாதவர் தேவையே இல்லை. திக்குவாயைப் போலப் பேசிக்காட்டும் துணுக்கு இந்தச் சோதனையில் விழுந்துவிடும். திக்கலை எடுத்துவிட்டால் அதில் எதுவும் மிஞ்சாது. போதாக்குறைக்கு அது தவறான சித்திரமும்கூட. திக்குபவர் முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது மட்டுமல்ல. ஒலியை இழுப்பார், சில நேரம் ஒலியே வராமல் நின்றுவிடுவார். மேடையில் போலி செய்பவர் காட்டுவது முதலாவதை மட்டும்.

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அமர்வு ஒரு திரைப்பட வழக்கில் தந்த தீர்ப்பும் இதையே சொல்கிறது. மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நகைச்சுவை வேறு, குறைபாடு பற்றிய நம் தவறான எண்ணங்களைக் கேள்வி கேட்கும் நகைச்சுவை வேறு என்று நீதிமன்றம் பிரித்துக்காட்டியது. பார்வையற்றவர் எதிலாவது மோதிக்கொண்டே இருப்பார் என்ற காட்சியைக் கட்டுக்கதைக்கு உதாரணமாகவே குறிப்பிட்டது. பார்வையற்ற ஒருவர் தன் அன்றாடத்தைச் சொல்லிச் சிரிக்க வைத்தால் அதை யாரும் தடுக்கவில்லை, தடுக்கவும் கூடாது. உடல், மனக் குறைபாடு உள்ளோரைக் கேலி செய்யும் காட்சிகள் கூடாது என்று தணிக்கை வழிகாட்டுதல்கள் 1991-லேயே சொல்லிவிட்டன என்பதையும் திரைத்துறையினர் நினைவில் கொள்ள வேண்டும்.

'பழமொழிகளையும் கொளுத்திவிடலாமா?' என்று கேட்பார்கள். பழமொழி அகராதியில் இருக்கட்டும். மேடைக்கு எதை எடுத்துவருவது என்பது பேசுபவரின் தேர்வு. 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பதற்கு 'விழலுக்கு இறைத்த நீர்' இருக்கிறது. 'முடவன் கொம்புத்தேன்' என்பதற்கு 'எட்டாக்கனி', 'நொண்டிச்சாக்கு' என்பதற்கு 'சப்பைக்கட்டு'. 'கண்மூடித்தனம்' என்பதில் எனக்குத் தயக்கமில்லை; கண்ணை மூடிக்கொள்வது பார்வையுள்ளவர் செய்யும் வேலை. 'ஊமைக்காயம்' போன்ற சொற்களைத் துரத்திக்கொண்டு போவதும் வீண். அவை எந்த மனிதரையும் சுட்டுவதில்லை. மறுபுறம், சொல்லை மட்டும் 'மாற்றுத்திறனாளி' என்று மாற்றிவிட்டு அதே கேலியைச் சொல்பவர் எதையும் திருத்திக்கொள்ளவில்லை.

இனி மன்னிப்பு. 'புண்பட்டிருந்தால்' என்பதில் உள்ள 'ஆல்' தவற்றைப் பேசியவரிடமிருந்து கேட்டவரிடம் தள்ளிவிடுகிறது. 'இன்ன நாளில், இன்ன கூட்டத்தில், இன்னாரை இழிவுபடுத்திப் பேசினேன். அது தவறு' என்று தொடங்குங்கள். 'மாற்றுத்திறனாளிகள்மீது எனக்கு எப்போதும் அன்பு உண்டு' என்ற வரி வேண்டாம். கேள்வி அன்பைப் பற்றியது அல்ல. கேலி வெளிவந்த இடத்திலேயே மன்னிப்பும் வர வேண்டும். கூட்டத்தில் வாயால் பேசியதற்கு உதவியாளர் எழுதிய கடிதம் ஈடாகாது. முதுகுத்தண்டுத் தசைநார் நலிவு நோயுள்ள குழந்தையின் 16 கோடி ரூபாய் ஊசியைக் கேலி செய்தது தொடர்பான வழக்கில், 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நகைச்சுவைக் கலைஞர்களை அவரவர் யூடியூப் பக்கத்திலேயே மன்னிப்புக் கேட்கச் சொன்னது. அந்தக் காணொலியில் சைகைமொழியும் எழுத்துவரியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் காது கேளாதோரிடம் கேட்கும் மன்னிப்பு அவர்களைச் சென்று சேராது.

புகார் கொடுப்பவர்கள் அடிக்கடி தவறுவது ஓரிடத்தில்: 20 விநாடித் துண்டுக் காணொலியை மட்டும் கொண்டு செல்கிறார்கள். 'முன்பின் வெட்டிவிட்டார்கள்' என்ற ஒரே வாதத்தில் புகார் ஆட்டம் கண்டுவிடும். முழு உரையையும் தரவிறக்கி, எந்த நிமிடத்தில் அந்தப் பேச்சு வருகிறது, எங்கே, எந்த நாளில் பேசப்பட்டது, இணைப்பு முகவரி எது என்று குறித்துவையுங்கள். வழக்கானால் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். எந்தக் கருவியில் பதிவிறக்கினீர்களோ அதை விற்றுவிடாதீர்கள். காவல் நிலையத்தோடு மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் எழுதலாம். அவர் ஓர் அரசு அமைப்புக்குப் பரிந்துரை அனுப்பினால், என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று அந்த அமைப்பு 3 மாதத்துக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. 'குருட்டு அரசு', 'ஊமைச் சட்டமன்றம்' போன்ற தலைப்புகளைத் தலைவர்களின் வாயிலிருந்து அப்படியே எடுத்துக் கொட்டை எழுத்தில் போடாதீர்கள். பேச்சு முதல் பக்கத்தில் வந்திருந்தால், மன்னிப்பும் முதல் பக்கத்திலேயே வரட்டும்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி