வரைபடத்தில் பச்சையாக விட்ட இடம்: மலைநாட்டு நகரங்களைத் திட்டமிடக் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களில் உள்ளூராட்சிக்குப் பொறுப்பானவர்களுக்கும் நகரத் திட்டமிடல் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஹட்டனில் சில்லறைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. என் கைக்கு வந்து முப்பது வருடமாகிறது. திட்டமிடல் படித்தவனில்லை. ஆனால் இந்த டவுனுக்குள் காசு எந்த நாளில் வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்பது எனக்குத் தெரியும். அதைப் பார்க்கத் தெரிந்த உத்தியோகத்தர்களை உருவாக்க மலைநாட்டிலேயே ஒரு பயிற்சி வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நகர அபிவிருத்தித் திட்டத்துக்குக் கருத்துக் கேட்கிறோம் என்று வியாபாரிகளைக் கூப்பிட்டார்கள். போனேன். சுவரில் பெரிய வரைபடம். பிரதான வீதி, பஸ் நிலையம், ரயில் நிலையம் எல்லாம் நிறம் நிறமாக இருந்தன. சுற்றிவர ஒரே பச்சை. "இந்தப் பச்சை என்ன தம்பி?" என்று கேட்டேன். "தேயிலை" என்றார் விளக்கிக்கொண்டிருந்த இளைஞர். என் வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பச்சைக்குள்தான் குடியிருக்கிறார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள், கோயில், பள்ளிக்கூடம், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, கொழுந்து நிறுக்கிற மடுவம் ஒன்றுமே படத்தில் இல்லை.

அந்தத் தம்பியைக் குறை சொல்லமாட்டேன். மரியாதையாகப் பேசினார், கேட்டதையெல்லாம் எழுதிக்கொண்டார். கட்டிடம் முடிகிற இடத்தோடு நகரமும் முடிந்துவிடுகிறது என்றுதான் அவருக்குப் படிப்பித்திருக்கிறார்கள். அன்று மாலை நேரச் சந்தை ஒன்று போடலாம் என்றும் யோசனை வந்தது. யாருக்காக? கொழுந்து நிறுத்து முடிந்து ஒரு பெண் லயத்துக்குத் திரும்ப அந்தி ஆகிவிடும். அப்புறம் குளித்து, சமைத்து, பிள்ளையைப் பார்க்க வேண்டும். டவுனுக்கு வந்தாலும் திரும்பிப் போக பஸ் இல்லை. எங்கள் டவுன் ஞாயிற்றுக்கிழமை டவுன். பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு தோட்டத்துப் பக்கம் நடந்து போயிருந்தால் இது தானாகத் தெரிந்திருக்கும்.

ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா எல்லாமே தோட்டத்தை நம்பி முளைத்த டவுன்கள். 1884இல் ரயில் ஹட்டனுக்கு ஏறி வந்ததும் தோட்டங்களுக்காகத்தான். இன்றும் தேயிலை எங்கள் கடை வாசலால் லொறியில் போகிறது. ஆனால் இங்கே நிற்பதில்லை. 1883இல் கொழும்பில் ஏலம் தொடங்கியது. இன்றும் விற்பனை அங்கேதான். கலப்பதும் பொதி செய்வதும் கப்பலேற்றுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். டவுனில் தங்குவது தொழிலாளியின் சம்பளம் மட்டும்.

அந்தச் சம்பளம் எப்படி ஓடுகிறது என்பதற்கு என் கடன் கொப்பிகள் சாட்சி. மழை இழுத்துக்கொண்டாலோ வெயில் காய்ந்தாலோ கொழுந்து குறையும். "இந்த மாதம் நாலு அரைப் பேர் அண்ணே" என்று, நாலு நாள் பாதிச் சம்பளம்தான் விழுந்தது என்பதை ஓர் அக்கா வந்து சொல்வார். ஒரு கிலோ பருப்பு அரைக் கிலோவாகும். நான் மொத்தக் கடையில் எடுக்கிற சாமானைக் குறைப்பேன். இரண்டு வாரத்தில் தையற்காரர், சலூன், ஆட்டோ ஓட்டுகிற பிள்ளைகள் என்று எல்லோர் கையும் சுருங்கும். தீபாவளி முற்பணம் கிடைத்த மறுநாளே துணிக்கடையில் நிற்க இடமிருக்காது. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் அப்போதுதான் ஊருக்கு வருவார்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாதமலை சீசன். ஆயிரக்கணக்கான பேர் ஹட்டனில் இறங்குகிறார்கள், நல்லதண்ணிக்கு பஸ் மாறிப் போய்விடுகிறார்கள். அவர்கள் எங்களிடம் வாங்குவது ஒரு தேத்தண்ணீர், ஒரு கம்பளித் தொப்பி. இந்த மலையில் விளைந்த எதையாவது அவர்கள் கையில் கொடுத்தனுப்ப எவரும் திட்டம் போட்டுப் பார்க்கவில்லை. உள்ளூர்ப் பொருளாதார அபிவிருத்தி என்று நீங்கள் சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். கிராமப்புற, தோட்டப்புறப் பகுதிகளின் உள்ளூராட்சி மன்றங்களுக்கான 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டங்களுக்குள் சபை பணம் செலவழிக்க இடம் தரவில்லை. தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்த சபை, அவர்கள் லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு கல்லைக்கூடப் போட முடியாமல் இருந்தது. முப்பது வருடம் கழித்து, 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். ஒவ்வொன்றும் இரண்டு லட்சத்துக்கு மேல் மக்களை வைத்திருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகளும் அந்தக் காலத்தில்தான் ஆறாகப் பிரிந்தன. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகியவற்றுக்குச் சொந்தச் சபை கிடைத்தது. நாங்கள் உண்மையிலேயே சந்தோஷப்பட்டோம். அதிகாரம் வந்தது, அதை வைத்துத் திட்டம் போடத் தெரிந்த ஆட்கள் வரவில்லை. வீடு, கடைகளுக்கான சோலை வரி சேர்ப்பதும், குப்பை அள்ளுவதும், தெருவிளக்குப் போடுவதும்தான் இன்றும் வேலை.

இன்னொரு முடிச்சு காணி. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, நிலம் நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. லயத்தில் பிறந்து மின்சார வேலை படித்த ஒரு பையன், வீதியோரமாகச் சின்ன வேலைத்தளம் போட நினைத்தால் அவன் பெயரில் ஒரு பேர்ச் காணியில்லை. காணி உறுதிப் பத்திரம் இல்லாமல் வங்கி கடன் தராது. அவன் கொழும்புக்கு பஸ் ஏறுகிறான். குத்தகைக் காணியில் கம்பனியோடும் சபையோடும் பேசித் தொழிலுக்கு ஓர் இடத்தை எப்படி ஒதுக்குவது என்பதைப் பாடமாக எடுத்துப் படித்த ஒருவர் ஒவ்வொரு சபையிலும் இருந்தால் அவனுக்குப் போய்க் கேட்க ஓர் ஆள் இருக்கும்.

படிக்க இங்கே நிறைய இருக்கிறது. பழைய மஸ்கெலியா நகரம் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் போனது. கோடையில் தண்ணீர் இறங்கும்போது பழைய கோயில் தெரியும், சனம் போய்ப் பார்க்கும். மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலையிலும் வீடுகளையும் கடைகளையும் மாற்றினார்கள். ஒரு நகரத்தை இடம் மாற்றினால் கடை வாடிக்கை என்ன ஆகிறது, யாருக்கு நல்ல இடம் போகிறது, யார் தொழிலை விட்டுவிடுகிறார் என்று கேட்டால் சொல்ல ஆட்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள்.

மண் சரிவைப் பற்றி எழுதும்போது கை நடுங்குகிறது. 2014 ஒக்டோபர் 29, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அந்த மலைப்பக்கம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. எங்கே போய்க் குடியேறுவது, அங்கிருந்து எப்படி வேலைக்கு வருவது என்பதற்குச் சரியான பதில் இல்லாததால் சனம் அதே லயத்தில் இருந்தது. 2025 நவம்பரில் டித்வா புயலிலும் மலைகள் சரிந்தன. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண் சரிவு அபாய வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஒரு லயத்து வாசலில் உட்கார்ந்து, தமிழில் விளக்கி, மாற்று இடத்தையும் அங்கே பிழைக்கும் வழியையும் சேர்த்துப் பேச ஆள் வேண்டும். அது ஒரு தொழில், அதற்குப் பயிற்சி வேண்டும்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நல்ல திட்டமிடலாளர்கள் உருவாகிறார்கள். அவர்களில் சிலரையாவது படிக்கும் காலத்திலேயே ஓர் ஆறு மாதம் இங்கே வைத்திருங்கள். அதைவிட முக்கியமாக, எங்கள் சபைகளில் ஏற்கெனவே இருக்கிற தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள், வருமானப் பரிசோதகர்கள், சமுதாய அபிவிருத்தி உத்தியோகத்தர்கள், பட்டம் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் தோட்டத்துப் பிள்ளைகள் ஆகியோருக்கு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ ஒரு டிப்ளோமா தொடங்குங்கள். தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள். பாதி வகுப்பு அறைக்குள் நடக்கட்டும். மற்றப் பாதி சம்பள நாளில் டவுனிலும், கொழுந்து மடுவத்திலும், நல்லதண்ணி பஸ் வரிசையிலும் நடக்கட்டும். படித்து முடித்தவருக்கு சபையில் ஒரு நிரந்தரப் பதவியும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரும் கொழும்பு பஸ்ஸில்தான் ஏறுவார்.

கடைக்கு மேலே ஓர் அறை சும்மா கிடக்கிறது. பதினைந்து பேர் உட்காரலாம். முதல் வருடத்துக்கு வாடகையில்லாமல் தருகிறேன். ஆட்களின் பெயரை மறைத்துவிட்டு என் முப்பது வருடக் கொப்பிகளையும் மாணவர்களுக்குத் தருவேன். எந்த மாதம் எவ்வளவு அரிசி, எவ்வளவு மா, எவ்வளவு கடன் என்று எல்லாம் அதில் இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஹட்டன் டவுன் சில்லறை வியாபாரி ஒருவர்