மஞ்சக்குப்பம் லிங்க்: கண்காணிப்பில் மாற்றம்

நண்பர்களே, நேற்று மஞ்சக்குப்பம் லிங்க் (நம் நெட்வொர்க் இணைப்பு) இரண்டு மணி நேரம் ஊர்ந்துகொண்டிருந்தது. நம் திரையிலோ எல்லாம் பச்சை! வாடிக்கையாளர் சொல்லித்தான் தெரிந்தது, வெட்கம். பிங்குக்கு, அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்கும் சிறு செய்திக்குப் பதில் வந்தால் நெட்வொர்க் பெட்டி உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். போர்ட்டில் பிழை குவிவதை அது சொல்லாது.

இன்று முதல் எஸ்என்எம்பி (பெட்டிகளிடம் அவற்றின் நிலையைக் கேட்டறியும் நெறிமுறை) வழியாக 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிழை எண்ணிக்கையையும் எடுக்கிறோம். பெட்டி நம் கேள்வியை வாங்கும் நெட்வொர்க் வாசலான யூடிபி 161 திறந்திருக்கட்டும். 162-க்கு வரும் ட்ராப்பை (பெட்டி தானாக அனுப்பும் எச்சரிக்கையை) மட்டும் நம்பாதீர்கள், வழியில் தொலைந்தாலும் தெரியாது. கம்யூனிட்டி பெயரை (எஸ்என்எம்பிக்குக் கடவுச்சொல் போன்றது) இன்னும் 'பப்ளிக்' என்றே வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள்.

அப்புறம், மழைக்காலம் நெருங்குகிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூரை என்ன செய்தது என்று பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும். யுபிஎஸ் பேட்டரியின் சார்ஜ் அளவையும் சனிக்கிழமைக்குள் கண்காணிப்பில் சேர்த்துவிடுங்கள். துறைமுகம் பக்கம் போகிறவர்கள் உப்புக்காற்றில் கனெக்டர் பச்சை பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.