வேன் ஏறிப் போன வாய்

பாலக்கோடு

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முட்டிவலி தேவலை என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே இந்த வருஷம் மாங்காய் சுமார்தான். பெங்களூரா ரகத்துக்குக் கூழ் ஆலைக்காரர் சொன்னதே விலை. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்குமே சரியாகப் போச்சு. அந்தப் புலம்பல் கிடக்கட்டும்.

நம் ஊர் அரசுப் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியிருந்தாயே, அதற்குத்தான் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். "முப்பது பிள்ளைகூட இல்லாத இடத்துக்கு ரெண்டு வாத்தியார், கட்டடம், கரண்ட். மூடிவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்த்தால் என்ன?" கணக்குக்குச் சரியாகத்தான் படும். பக்கத்து ஊருக்குப் போகிற தடம் ஆனை வந்துபோகிற தடம் என்பது உனக்கே தெரியும், அதை விடு. பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்பதையும் கணக்கில் எழுது.

காலை ஏழரைக்கு மாரியம்மன் கோயில் முனையில் மஞ்சள் வேன் வந்து நிற்கிறது. ஏறுவது யார் பிள்ளைகள்? பால் சொசைட்டியில் பொறுப்பில் இருப்பவர், டிராக்டர் வைத்திருப்பவர், வாத்தியார் உத்தியோகம் பார்ப்பவர் (ஆமாம், அரசுப் பள்ளி வாத்தியார்தான்). பிடிஓ ஆபீசுக்குப் போனால் நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசத் தெரிந்தவர்கள் அத்தனை பேரும். பிள்ளையோடு சேர்ந்து அந்த வாயும் வேன் ஏறிப் போய்விட்டது. மிச்சமிருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேரின் அப்பா அம்மா உன் பெங்களூரில்தான் சென்ட்ரிங் வேலை, சித்தாள் வேலை. இங்கே பாட்டிதான் வளர்க்கிறாள்.

2024-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள், அப்படி நானும் உள்ளே வந்தேன். சட்டப்படி குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். போன கூட்டத்தில் ஒரு பாட்டி பேத்திக்காக வந்து கடைசியில் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்து டீ வருகிற நேரத்தில் எழுந்தாள். "மோட்டார் போடலைன்னா கக்கூசுல தண்ணி இல்ல சாமி. பொண்ணுங்க வூட்டுக்கு ஓடியாருதுங்க. வந்தா அப்புறம் எங்க திரும்பிப் போவுது?" வருகைப் பதிவேட்டில் மத்தியானம் ஏன் ஓட்டை விழுகிறது என்று அதுவரை குழம்பிக்கொண்டிருந்தோம். தீர்மானமாக எழுதிக் கைரேகை வாங்கினோம். இன்னும் ஆள் வரவில்லை. இதையே டிராக்டர்காரர் கேட்டிருந்தால் அன்றைக்குச் சாயங்காலமே வந்திருக்கும். எனக்கு உறுத்துவது இதுதான்.

"என் பிள்ளை படிக்கவில்லை, என் வரிப்பணம் மட்டும் போகிறது" என்றும் எழுதியிருக்கிறாய். உங்கள் அப்பா சொல்வாரே, ஞாபகம் இருக்கா? அஞ்சாவது வரை அவர் போனதே சோத்துக்குத்தான் என்று. நம் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, ஓசூர் அரசுப் பள்ளியில் படித்த ராஜாஜிதான் 1953-ல் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டார். மறு வருஷம் காமராஜர் வந்து அதை எடுத்தார், 1956-ல் மதிய உணவையும் கொண்டுவந்தார். அன்றைக்கு வரி கட்டியவர்களும் உன்னைப் போலவே கேட்டிருந்தால் உங்கள் அப்பா ஆடு மேய்த்திருப்பார். நீ இன்றைக்குப் பெங்களூரில் பிளாட் வாங்கியிருக்க மாட்டாய். கோபித்துக்கொள்ளாதே.

2023 ஆகஸ்டிலிருந்து காலைச் சாப்பாடும் உண்டு. ஒரு புதன்கிழமை போய்ப் பார்த்தேன், பொங்கலும் சாம்பாரும். காலனிப் பிள்ளை, மேட்டுத்தெருப் பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில், ஒரே கரண்டிச் சோறு. சமைப்பது யார் என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத ஊர்களைப் பற்றியும் பேப்பரில் படித்தோமே. 2012-ல் சாதிக் கலவரத்தில் நத்தம் காலனி எரிந்த மாவட்டம் இது. வேனில் போகிற பிள்ளைக்குக் காலனிப் பிள்ளையின் பேர்கூடத் தெரியாமல் வளர்கிறது. பத்து வருஷம் கழித்து இவர்கள்தான் இந்த ஊரை நடத்தப்போகிறார்கள்.

யாரையும் குற்றம் சொல்லவில்லை. இங்கிலீஷ் வேண்டும் என்கிற ஆசையில் தப்பு என்ன? ஆனால் ஒரு வேடிக்கை. 2020-ல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் வந்ததிலிருந்து, ஆறாவதில் அரசுப் பள்ளிக்கு மாற்றிவிடலாமா என்று வேன் வீட்டுக்காரர்களே என்னிடம் விசாரிக்கிறார்கள். வரட்டும். வந்தால் தண்ணீராவது வரும்.

சுவருக்குப் பெயிண்ட் அடிக்கப் பணம் அனுப்புகிறேன் என்றாயே, அது அப்புறம். உன் தம்பி மகள் மூணாவது, வேனில்தான் போகிறாள், பீஸ் கட்டுவது நீ. அடுத்த வருஷத்துக்கு இங்கே சேர்க்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசிப் பார். அவன் பிள்ளை உள்ளே இருந்தால் மோட்டாருக்கு நான் அலைய வேண்டியதில்லை, அவன் வாய்தான் உனக்குத் தெரியுமே. ஒத்துக்கொள்ளாவிட்டால் பரவாயில்லை, கூட்டத்துக்காவது வரச்சொல்.

நீலம் மாம்பழம் ஒரு பெட்டி நாளைக் காலை பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். வண்டி நம்பரைப் போனில் சொல்கிறேன், ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொள்.

உன் மச்சான்