ஏபி-8க்குப் பழைய காந்தப்புலம்தான் கொடுக்கணும்

அன்புள்ள மாப்ளே,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை, திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். நம்ம குண்டுமணி உன்னைக் கேட்டான், வேறென்ன கேட்பான், அதே பாக்கிதான்.

உன் செயற்கைக்கோளுக்கான கதிர்வீச்சுக் கணக்கைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 550 கி.மீ. ஆர்பிட்டில் இத்தனை புரோட்டான் வரவே வராது. கோளாறு ஒரே வரியில் இருக்கிறது: பூமியைச் சுற்றிச் சிக்கியிருக்கும் புரோட்டானைக் கணிக்கும் ஏபி-8 மாடலுக்கு வேண்டிய பி (காந்தப்புல வலிமை), எல் (அந்தக் காந்தக்கோடு பூமி மையத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்ற எண்) இரண்டையும் ஐஜிஆர்எஃப் என்ற இன்றைய காந்தப்புல மாடலிலிருந்து எடுத்திருக்கிறாய். அந்த மாடல் பெரும்பாலும் 1960களில் அளந்த தரவில் எழுந்தது. சூரியன் அடங்கிய காலத்துக்கான அதன் ‘மின்’ (MIN) வடிவத்துக்கு 1960ஆம் ஆண்டின் ஜென்சன்-கெயின் புலம். சூரியன் உச்சத்தில் இருக்கும் காலத்துக்கான ‘மேக்ஸ்’ (MAX) வடிவத்துக்கு ஜிஎஸ்எஃப்சி 12/66 புலத்தை 1970க்கு நகர்த்திக் கொடுக்கணும். பூமியின் காந்தப்புலம் அன்றிலிருந்து மெலிந்துகொண்டே வருகிறது. அதே உயரத்தில் இன்று பி குறைவு. பி குறைந்தால் மாடல் புரோட்டானைக் கூட்டிக் காட்டும். நிஜத்தில் அந்த உயரத்துக் காற்று அவற்றைத் தின்றுவிடும், மாடலுக்கு அது தெரியாது. ஸ்பென்விஸ் என்ற ஐரோப்பிய விண்வெளி முகமையின் இணையக் கருவியில் போட்டிருந்தால் அதுவே சரியான புலத்தை எடுத்திருக்கும். சொந்தமாகப் பைத்தானில் எழுதும்போதுதான் இந்தக் குழி.

புலத்தை மாற்றினால் மொத்த டோஸ் ஒழுங்காகிவிடும், ஆனால் தென் அட்லாண்டிக் முரண்பகுதி (காந்தப்புலம் மெலிந்து புரோட்டான் தாழ இறங்கும் இடம்) அறுபது வருடத்துக்கு முந்தைய இடத்தில் நிற்கும். அது வருடத்துக்குச் சுமார் 0.3 பாகை மேற்கே நகர்கிறது. கேமராவை எங்கே அணைப்பது என்று முடிவு செய்ய அதற்குப் பின் வந்த ஏபி-9 மாடலை ஓட்டு. புரோட்டானுக்கு மேக்ஸ் போட்டதும் தப்பு: சூரியன் உச்சத்தில் இருக்கும்போது காற்று மண்டலம் உப்பிப் புரோட்டானைக் குறைக்கிறது. தாழ்ந்த ஆர்பிட்டில் ‘மின்’ வடிவம்தான் மோசமான நிலை. எலக்ட்ரானுக்கு ஏஇ-8 மேக்ஸ் என்று வைத்திருப்பது சரி, அதைத் தொடாதே.

எல்இடி (LET, துகள் போகும் வழியில் சிப்பில் விடும் ஆற்றல்) அலகையும் ஒரு தடவை பார். சிப்காரர்கள் மில்லிகிராமில் தருவார்கள், ஸ்பென்விஸ் கிராமில் கேட்கும். ஆயிரம் மடங்கு வித்தியாசம், ஒரு எச்சரிக்கையும் வராது.

நிஜமாகக் கவலையாக இருப்பது அந்த மெமரி சிப். லாட்ச்-அப் (துகள் மோதிச் சிப்பில் மின்னோட்டம் எகிறி அப்படியே நிற்பது) சோதனை கன அயனியில் மட்டும் நடந்திருக்கிறது. அது தொடங்கும் எல்இடி, மில்லிகிராம் அலகில், 15க்குக் கீழே. அப்படியென்றால் புரோட்டான் சிலிக்கான் அணுவில் மோதித் தெறிக்கும் துண்டே போதும், லாட்ச்-அப் ஆகிவிடும். 1991இல் ஐரோப்பாவின் இஆர்எஸ்-1 செயற்கைக்கோளில் இருந்த ப்ராரே கருவி ஏவிய சில நாட்களிலேயே இப்படித்தான் போனது. நீ வைத்திருக்கும் 2 மி.மீ. அலுமினியம் அதிவேகப் புரோட்டானை நிறுத்தாது, தடிமனைக் கூட்டிக்கொண்டே போவதில் பயனில்லை. மின்னோட்டம் எகிறினால் உடனே மின்சாரத்தைத் துண்டித்து, சற்றுப் பொறுத்து மறுபடி கொடுக்கும் சுற்று அந்தச் சிப்புக்குத் தனியாக வேண்டும். பலகைக்கு மொத்தமாக ஒன்று வைத்தால், மற்ற சிப்கள் இழுக்கும் மின்னோட்டத்தில் இந்த ஏற்றம் தெரியாமலே போகும்.

போர்டு அச்சுக்குப் போகும் முன் இதை முடித்துவிடு. ஓட்டிய உள்ளீட்டுக் கோப்பையும் சேர்த்து அனுப்பு, வெறும் படத்தை மட்டும் அனுப்பாதே. அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன்,
மாப்ளே