வீட்டுப்பாடம் வீட்டைப் பற்றியதாக இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூன்றாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி கடந்த வாரம் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு, சாப்பிட்ட கையோடு நோட்டின் மேல் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். மறுநாள் அவள் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது, ‘நமக்கு உதவுவோர்’ என்ற தலைப்பில் ஒரு சார்ட். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்ததே மாலை ஆறரை மணிக்குத்தான். வேலை முடிந்து திரும்பும் வழியில் என் மகன் கடையில் சார்ட் அட்டையும், தபால்காரர், மருத்துவர், காவலர் படங்கள் அச்சிட்ட தாளும் வாங்கி வந்தான். மருமகள் அவற்றை வெட்டி ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பெயர்களை எழுதி முடித்தபோது மணி பத்தரை. குழந்தை அந்த அட்டையைத் தொடவே இல்லை. எங்கள் தெருவுக்குத் தினமும் காலையில் வண்டி தள்ளிக்கொண்டு வந்து குப்பை வாங்கிப் போகும் அம்மாவை அவளுக்கு நன்றாகத் தெரியும்; அவர் பெயரைச் சொல்லி அழைத்துப் பேசுவாள். ‘அவரிடம் நான்கு கேள்விகள் கேட்டு வா’ என்று ஆசிரியர் சொல்லியிருந்தால், காசு செலவில்லாமல், தூக்கம் கெடாமல் அந்தப் பாடம் அவளுக்கு வசப்பட்டிருக்கும்.

ஒரு பள்ளியைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் 32 ஆண்டுகள் பணியாற்றி, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவன் நான். அதில் பாதிக் காலத்துக்கு மேல் நானும் ‘வாய்ப்பாட்டைப் பத்து முறை எழுதி வா’, ‘கேள்வி பதிலை மூன்று முறை எழுதி வா’ என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதி வராத பிள்ளைகளை எழுந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன். தாய் நூற்பாலையில் இரவு ஷிப்டுக்குப் போய்விட, தம்பிக்குச் சோறு ஊட்டித் தூங்க வைத்த ஒன்பது வயதுப் பெண் அப்படி நின்றவர்களில் ஒருத்தி என்பது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அந்த வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

இது குறித்து விதிகள் இல்லாமல் இல்லை. பிள்ளைகளின் படிப்புச் சுமையை ஆராய மத்திய அரசு அமைத்த, பேராசிரியர் யஷ்பால் தலைமையிலான குழு, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடமே வேண்டாம், வீட்டுச் சூழலைக் குழந்தை ஆராய்ந்து பார்ப்பதற்கான வேலைகள் மட்டும் இருக்கலாம் என்று 1993-லேயே பரிந்துரைத்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் தரக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் உத்தரவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகமும் அதை வலியுறுத்தி மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. மத்திய அரசின் 2020-ஆம் ஆண்டுப் பள்ளிப் பைக் கொள்கை இன்னும் தெளிவாகப் பேசுகிறது: இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கிடையாது, மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்கு வாரத்துக்கு அதிகபட்சம் இரண்டு மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி நேரம் அன்று, வாரத்துக்கு என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். மாலைப் பொழுதை எப்படிக் கழித்தோம், இரவு என்ன சாப்பிட்டோம், அதில் என்னென்ன சேர்ந்திருந்தன என்று குழந்தைகளை வகுப்பில் பேசச் சொல்லலாம் என்றும் அதே ஆவணம் வழி காட்டுகிறது.

இந்த இரண்டு மணி நேரத்தை ஐந்து நாளுக்கு ஐந்து துண்டாக்கி நோட்டில் எழுத வைப்பதைவிட, வெள்ளிக்கிழமை ஒரே ஒரு செயல்பாட்டைக் கொடுத்து, சனி ஞாயிறுகளில் குடும்பத்தோடு செய்யச் சொல்லி, திங்கட்கிழமை வகுப்பில் அதைப் பற்றிப் பேச வைப்பதே தொடக்கப் பள்ளிக்குப் பொருத்தமானது என்பது என் உறுதியான கருத்து. பணியின் கடைசி ஆறு ஆண்டுகள் என் பள்ளியில் இதைச் செய்து பார்த்தேன் என்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, ‘உங்கள் வீட்டில் அரிசி அளக்கும் பாத்திரம் எது, அதைக் கொண்டு எத்தனை முறை அளந்தால் அடுத்த பெரிய பாத்திரம் நிரம்புகிறது என்று பார்த்து வாருங்கள்’ என்று ஐந்தாம் வகுப்புக்குச் சொல்லி அனுப்பினேன். திங்கட்கிழமை காலை ஒரு மாணவனின் பாட்டி துணிப்பையோடு பள்ளிக்கே வந்துவிட்டார். பையில் படி, உரி, உழக்கு, ஆழாக்கு என்று நான்கு அளவைகளும், அளப்பதற்குச் சோளமும் இருந்தன. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மா வகுப்பறைத் தரையில் அமர்ந்து, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி என்று கொட்டிக் கொட்டிக் காட்டினார். எட்டு நான்கைவிடப் பெரிய எண்ணாயிற்றே, பிறகு எட்டில் ஒன்று எப்படி நான்கில் ஒன்றைவிடச் சிறியதாகும் என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் குழப்பும் இடம். கரும்பலகையில் வட்டம் வரைந்து, வரைந்து நான் அலுத்துப்போன இடமும் அதுவே. உழக்கு என்பது கால் படி, ஆழாக்கு என்பது அரைக்கால் படி, அதாவது எட்டில் ஒரு பங்கு என்று அவர் சொன்னபோது, இரண்டு பாத்திரங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால், பிள்ளைகளுக்குச் சந்தேகமே எழவில்லை. கணக்கில் எப்போதும் பின்வரிசையில் இருந்த அவருடைய பேரன் அன்று முழுவதும் மற்றவர்களுக்கு அளந்து காட்டிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு வீடுகளிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தவை ஏராளம். நடுவில் ஏழு, அதன் இரு புறமும் ஆறு, ஐந்து, நான்கு என்று வைக்கும் ஊடுபுள்ளிக் கோலத்துக்கு மொத்தம் 37 புள்ளிகள் என்பதைக் கூட்டிக் கண்டுபிடித்து, அதைப் போட்ட அத்தையிடமே போய்ச் சரிபார்த்து வந்தாள் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி. பூக்காரம்மாவின் முழமும் அப்பாவின் முழமும் ஏன் ஒன்றாக இல்லை என்ற கேள்வியிலிருந்து சென்டிமீட்டர் எதற்கு என்ற பாடம் தானாகத் தொடங்கியது. மின் கணக்கு அட்டையில் இந்த முறை எழுதிய எண்ணிலிருந்து போன முறை எழுதிய எண்ணைக் கழித்து, அதில் இலவச யூனிட்டுகளையும் கழித்து, மீதத்தைச் சொல்வது ஐந்தாம் வகுப்புக்கு நல்ல கழித்தல் பயிற்சி. வீட்டில் யாரும் இல்லாதபோது ஓடும் மின்விசிறியைப் பற்றிய பேச்சும் அதோடு வந்துவிடும். நூல் நம்பர் கூடக் கூட நூல் மெல்லிசாகும் என்பதை நூற்பாலையில் வேலை செய்யும் தாய் ஒருவரிடம் கேட்டு வந்து ஒரு சிறுமி சொன்ன நாளில், 40-ஆம் நம்பரையும் 60-ஆம் நம்பரையும் பற்றி அவளிடம்தான் நானும் கற்றுக்கொண்டேன்.

இத்தகைய செயல்பாடுகள் நிலைக்க வேண்டுமானால் சில கட்டுப்பாடுகள் வேண்டும். கடையில் எதையும் வாங்கச் சொல்லக் கூடாது. சார்ட், தெர்மோகோல், கலர் பிரிண்ட் என்று தொடங்கினால் அந்த நிமிடமே அது பெற்றோரின் வேலையாகிவிடும், பணம் இல்லாத வீட்டுக்குத் தலைக்குனிவும் ஆகிவிடும். அறிக்கை எழுதி வரச் சொல்லவும் கூடாது. தொடக்கத்தில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். அரைப் பக்கம் எழுதி வரச் சொன்னதும், எழுதத் தெரிந்த வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே செய்து வந்தார்கள். வாயால் சொன்னால் போதும் என்று மாற்றிய பிறகுதான் எல்லா வீடுகளும் உள்ளே வந்தன. மதிப்பெண் எதுவும் போடக் கூடாது. ஒரு வாரம் செய்ய முடியாமல் போன பிள்ளையை ஏன் என்று அதட்டக் கூடாது. பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போயிருக்கும் குழந்தைக்குப் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சத்துணவு சமைக்கும் அம்மாவும்கூடக் குடும்பம்தான் என்று ஆசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு இதுவும் கட்டாயம் இல்லை. ‘நேற்று வீட்டில் என்ன குழம்பு?’ என்று வகுப்பில் கேட்பதே அவர்களுக்குப் போதும்.

பெற்றோரின் மறுப்பை நான் அறிவேன். ‘நோட்டில் ஒன்றும் எழுதவில்லையே, பள்ளியில் என்னதான் சொல்லித் தருகிறார்கள்?’ என்று கேட்டுப் பள்ளி வாசலில் நின்றவர்களிடம் நான் பல முறை பேசியிருக்கிறேன். பணம் கட்டிப் படிக்க வைக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி இன்னும் உரக்க ஒலிக்கிறது. பல தனியார் பள்ளிகள் பக்கம் பக்கமாக எழுத வைப்பதற்கு அந்த அச்சமே பெரும் காரணம். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதையோ, கையெழுத்துப் பழகுவதையோ நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவை பள்ளி நேரத்துக்குள், ஆசிரியரின் கண் முன்னால் நடக்க வேண்டிய பயிற்சிகள். பிழையாக எழுதிய சொல்லை வீட்டில் திருத்த ஆள் இல்லாமல் பத்து முறை எழுதும் குழந்தை, அந்தப் பிழையைப் பத்து முறை பழகிக்கொள்கிறது. வீட்டில் நாள்தோறும் ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், குழந்தையை அருகில் அமர்த்திப் பத்து நிமிடம் ஒரு கதையை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்கலாம்; கேட்பவருக்குப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை.

பள்ளிக் கல்வித் துறையிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அன்று. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற வரம்பை அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற வேறுபாடு இல்லாமல் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் தமிழில் எழுதி வைக்கச் செய்ய வேண்டும். தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலர்கள் ஆய்வுக்குப் போகும்போது மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளையும், பெற்றோருக்கு அனுப்பப்படும் வாட்ஸ்அப் செய்திகளையும் வாங்கிப் பார்க்க வேண்டும். தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்காகச் செயல்பாடுகளை உருவாக்கிய ஆசிரியர்களிடமே ஆண்டுக்கு முப்பது வீட்டுச் செயல்பாடுகளைத் தொகுக்கச் சொல்லலாம். கடலோர வீட்டுக்கும் மலையூர் வீட்டுக்கும் நகரத்து ஒற்றை அறை வீட்டுக்கும் ஏற்றபடி அவை வேறுபட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இதைப் பேச வைத்தால், எந்தத் தெருவில் எந்தப் பாட்டியிடம் உழக்கு இருக்கிறது என்பதை உறுப்பினர்களே சொல்லிவிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.