ரே ராபின்சன் என்ற பெயர் யாருடையது?

அன்புள்ள வேலாயுதம்,

இங்கு அனைவரும் நலம். உன் வீட்டிலும் நலமே விளைய வேண்டும். உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதியிருப்பேன். நீ போகிற போக்கில் குறிப்பிட்டிருந்த ஒரு செய்தி என்னைப் பழைய ஸ்கோர் அட்டைகளுக்கும் இசைத்தட்டு உறைகளுக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டதால்தான் இந்தத் தாமதம். உன் பேரன் தன் அறைக் கதவில் "கிறிஸ் மார்ட்டின்" என்று எழுதி வைத்திருப்பதைப் பார்த்து, நியூசிலாந்தின் அந்த வேகப்பந்து வீச்சாளரை இந்தக் காலத்துப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறதே என்று நீ பூரித்துப் போனதையும், அவர் கோல்ட்ப்ளே குழுவின் பாடகர் என்று அவன் உனக்குப் பாடம் நடத்தியதையும் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். ஆனாலும் உன் மகிழ்ச்சி முழுக்க வீண் என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு மார்ட்டின்களும் ஒரே இடத்தில் கால் வைத்திருக்கிறார்கள், அதுவும் நம் நாட்டில்.

2010 நவம்பரில் அகமதாபாத் மொட்டேரா மைதானத்தில் நடந்த டெஸ்ட் உனக்கு மறந்திருக்காது. இரண்டு அணிகளும் முதல் இன்னிங்ஸில் 450 ரன்களைத் தாண்டியிருந்த, பந்துவீச்சாளர்கள் பரிதாபத்துக்குரியவர்களாகத் தெரிந்த ஆட்டம் அது. நான்காம் நாள் மாலையில் இந்தியா மறுபடி ஆட வந்தபோது மார்ட்டின் புதுப்பந்தைக் கையில் எடுத்தார். கம்பீர், திராவிட், டெண்டுல்கர், ரெய்னா என்று ஒருவர் பின் ஒருவராக அவரிடம் விழ, சேவாக் ரன் அவுட் ஆக, ஸ்கோர் பலகை 15 ரன்களுக்கு 5 விக்கெட் என்று காட்டியது. பின்பு லட்சுமணன் 91 ரன்களும், ஹர்பஜன் தம் முதல் டெஸ்ட் சதமாக 115 ரன்களும் எடுத்து மானத்தைக் காப்பாற்றி ஆட்டத்தை டிராவில் முடித்தார்கள். 71 டெஸ்ட்களில் 233 விக்கெட் எடுத்த அந்த மனிதர், மட்டையால் தம் டெஸ்ட் வாழ்க்கை முழுவதிலும் சேர்த்து எடுத்தது 123 ரன்கள் மட்டுமே. விக்கெட்டைவிட ரன் குறைவாக வைத்திருக்கும் அந்த அபூர்வக் கணக்குக்காகவே எனக்கு அவர்மீது தனிப் பிரியம் உண்டு.

அதன்பின் அந்த மைதானத்தை இடித்து, அதே இடத்தில் மிகப் பெரிய அரங்கைக் கட்டி, 2020-இல் திறந்து, இப்போது நரேந்திர மோடி மைதானம் என்று அழைக்கிறார்கள். அங்கேதான் 2025 ஜனவரி 25, 26 தேதிகளில் கோல்ட்ப்ளே கச்சேரி நடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டத்தின் நடுவே இரண்டாம் நாள் பும்ரா உட்கார்ந்திருக்க, மேடையில் இருந்த மார்ட்டின் அவரைப் பார்த்து, இங்கிலாந்தின் விக்கெட்டுகளை நீங்கள் அடுத்தடுத்துச் சாய்ப்பதை எங்களால் ரசிக்க முடியவில்லை என்ற பொருளில் இரண்டு வரி பாடினார். கிறிஸ் மார்ட்டின் என்ற பெயரைத் தாங்கிய ஒருவர், அகமதாபாத்தில் நின்றுகொண்டு, வேகப்பந்தைக் கண்டு தம் நாட்டு அணிக்கு ஏற்பட்ட வேதனையைச் சொல்கிறார்! 2010-இல் அந்த மாலைப் பொழுதை அனுபவித்த நம்மைப் போன்றவர்களுக்கு மட்டுமே அந்த வேடிக்கையின் முழுச் சுவையும் தெரியும். உன் பேரனிடம் இதைச் சொல்லிப் பார். பாதிப் பெருமையாவது உனக்குத் திரும்பி வரும்.

ஸ்டீவ் ஸ்மித் விஷயத்தில் நாம் இன்னும் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். டெஸ்டில் 10,000 ரன்களைக் கடந்த ஆஸ்திரேலியரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னொரு ஸ்டீவ் ஸ்மித் அமெரிக்கர், 1954-இல் பிறந்தவர், ஜர்னி என்ற ராக் குழுவின் பெரும்புகழ்க் காலத்தில் டிரம்ஸ் வாசித்தவர். அப்படிப்பட்டவர் பிற்காலத்தில் நம் கொன்னக்கோலைப் பாடமாக எடுத்துக்கொண்டார். மேடையில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, கையால் தாளம் போட்டபடி "தகதிமி தகஜுணு" என்று சொற்கட்டுகளைச் சொல்லி, அதே சொற்கட்டை உடனே டிரம்ஸில் வாசித்துக் காட்டுவார். உச்சரிப்பில் அமெரிக்க வாடை லேசாக அடிக்கும். காலப்பிரமாணத்தில் ஒரு குறையும் இருக்காது. கிட்டாரில் கர்நாடக இசை வாசிக்கும் நம் பிரசன்னாவோடும் சாக்சபோன் கலைஞர் ஜார்ஜ் புரூக்ஸோடும் சேர்ந்து அவர் நடத்திய மூவர் குழுவின் இசைத்தட்டு 2010-இல் வெளிவந்தது. சேப்பாக்கத்தில் அந்த ஸ்மித் தடுமாறும்போது கைதட்டியவர்கள், சபாவில் இந்த ஸ்மித்துக்குத் தலையாட்டுவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரோஜர் டெய்லர் என்ற பெயரோ இரண்டு பேரோடு நிற்கவில்லை. ஷெஃபீல்டிலிருந்து வந்த இடக்கை டென்னிஸ் வீரர் ரோஜர் டெய்லர் 1970 விம்பிள்டனில், யாராலும் அசைக்க முடியாது என்றிருந்த ராட் லேவரைத் தோற்கடித்தார். அதே 1970-இல், அதே லண்டனில், குயின் என்ற குழு உருவானது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் பெயரும் ரோஜர் டெய்லர். பத்தாண்டு கழித்து டூரன் டூரன் குழுவில் புகழ்பெற்ற டிரம்ஸ் கலைஞரும் ரோஜர் டெய்லரே. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜூலை 13 அன்று லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் நடந்த லைவ் எய்ட் கச்சேரியில், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு டெய்லரும் அந்தப் பக்கம் இன்னொரு டெய்லரும் டிரம்ஸ் வாசித்தார்கள்.

இவற்றையெல்லாம் புரட்டிக்கொண்டிருந்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் யாருக்கும் தொல்லை வருவதில்லை, ரசிகர் கூட்டம் ஒன்றாகும்போதுதான் வருகிறது. காசர்கோட்டுக்காரரான கால்பந்து வீரர் முகமது ரஃபி, 2016 ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸுக்காகத் தலையால் முட்டிக் கோல் அடித்தார். அடுத்த பருவத்தில் நம் சென்னையின் அணிக்கு வந்து கோப்பை வென்ற குழுவில் இருந்தார். 1980-இலேயே மறைந்துவிட்ட பாடகர் முகமது ரஃபியோடு அவரை யாரும் குழப்பிக்கொள்ளவில்லை. கொச்சி அரங்கில் ரஃபி, ரஃபி என்று முழங்கிய மஞ்சள் சட்டைக் கூட்டத்துக்குப் பழைய இந்திப் பாட்டின் நினைப்பே வந்திருக்காது.

கூட்டம் ஒன்றாகிவிட்டால், முன்பே புகழ்பெற்றவருக்கு மற்றவர் வழிவிட வேண்டியிருக்கிறது. சில சமயம் அது வேடிக்கையாகவே முடிந்துவிடும். 1994 ஜூலை 28 அன்று டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக, எதிரணியில் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்ட விடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்த பேஸ்பால் வீரர் கென்னி ராஜர்ஸுக்கு, பாடகர் கென்னி ராஜர்ஸ் 1978-இல் பாடிப் புகழ்பெற்ற பாட்டின் பெயரான "கேம்ப்ளர்" (சூதாடி) என்பதையே பட்டப்பெயராகச் சூட்டிவிட்டார்கள். சூதாட்டம் என்பது அந்த விளையாட்டில் எவ்வளவு பெரிய பாவம் என்பதை நினைத்தால், அவர் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டிருப்பார் என்று நான் நம்ப மாட்டேன்.

ஆனால் உன்னிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அமெரிக்கப் பாடகர் ரே சார்லஸின் கதையை. ஜார்ஜியா மாநிலத்தில் 1930-இல் பிறந்து, ஃபுளோரிடாவின் கிரீன்வில் என்ற சிற்றூரில் வறுமையில் வளர்ந்து, ஏழு வயதுக்குள் பார்வையை முழுவதுமாக இழந்து, பார்வையற்றோர் பள்ளியில் இசை கற்ற அவருடைய முழுப்பெயர் ரே சார்லஸ் ராபின்சன். தந்தை பெய்லி ராபின்சன்; ஆகவே அது அவருக்குப் பிறப்பிலேயே வந்த பெயர். அவர் மேடையேறிய காலத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்கள் வாழ்ந்த தெருக்களில் "ரே ராபின்சன்" என்று சொன்னால் ஒரே ஒருவரைத்தான் குறிக்கும்: 1946-இல் வெல்டர்வெயிட் உலகப் பட்டம் வென்ற, பின்னாளில் மிடில்வெயிட் பட்டத்தை 5 முறை வென்ற குத்துச்சண்டை வீரர் சுகர் ரே ராபின்சன். அந்த வீரரின் சண்டையைப் பார்க்கப் போனவர்களும் இந்தப் பாடகரைக் கேட்க வந்தவர்களும் ஒரே மக்கள். வேறு வழியின்றிப் பாடகர் ராபின்சனை உதிர்த்துவிட்டு ரே சார்லஸ் ஆனார்.

இதில் கொடுமை என்னவென்றால், குத்துச்சண்டை வீரரின் பெயர் ராபின்சனே இல்லை. வாக்கர் ஸ்மித் என்பது 1921-இல் அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர். சிறுவயதில் போட்டியில் இறங்கத் துடித்தபோது வயது போதவில்லை என்று தடுத்திருக்கிறார்கள். ரே ராபின்சன் என்ற இன்னொரு பையனின் சான்றைக் கடன் வாங்கிக் காட்டி வளையத்துக்குள் நுழைந்தார். வெற்றி மேல் வெற்றி குவிந்த பிறகு பெயரைத் திருத்த யாருக்கு மனம் வரும்? 1940-இலிருந்து 1965 வரை கால் நூற்றாண்டு அந்தக் கடன் பெயரிலேயே சண்டையிட்டார். போதாததற்கு, 1952-இல் ஓய்வு அறிவித்துவிட்டுச் சில காலம் மேடையில் நடனமும் ஆடினார். எடுபடாமல் 1955-இல் வளையத்துக்கே திரும்பினார். ஆக, இரவல் பெயரோடு வந்தவருக்காக, அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் அதைத் துறக்க வேண்டியதாயிற்று. துறக்க வைத்தவர் பிறகு மேடைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்தால் தீர்ப்பு யார் பக்கம் போகும் என்று நீயே சொல்.

கதை அதோடு முடியவில்லை. 1956-இல் வட கரோலினாவில் ஒரு தாய், தமக்குப் பிடித்த பாடகரின் நினைவாகத் தம் மகனுக்கு ரே சார்லஸ் என்று பெயர் வைத்தார். அந்த ரே சார்லஸ் லெனர்ட் பாடகராகாமல் குத்துச்சண்டைக்குப் போனார். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் தங்கம் வென்றபோது அவரை உலகம் அறிந்தது, பழைய வீரரின் பட்டப்பெயரைச் சேர்த்து, சுகர் ரே லெனர்ட் என்றுதான். பாடகர் விட்டுக்கொடுத்தது போக மீந்த பெயர் ஒரு பக்கத்திலிருந்தும், அவரை விட்டுக்கொடுக்க வைத்தவரின் பெயர் இன்னொரு பக்கத்திலிருந்தும் வந்து ஓர் ஆளிடம் சேர்ந்துவிட்டன.

1980 நவம்பர் 25 இரவு, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோம். ஐந்து மாதம் முன்பு ரொபெர்டோ டுரானிடம் பட்டத்தைப் பறிகொடுத்திருந்த லெனர்ட், அதை மீட்க மறுபடி அவரோடு மோத வந்திருக்கிறார். சண்டைக்கு முன்பு தேசப் பாட்டுப் பாட வளையத்துக்குள் அழைத்து வரப்பட்டவர் ரே சார்லஸ். அவர் பாடி முடித்ததும், அவர் பெயரைத் தாங்கிய வீரர் போய் அவரைக் கட்டிக்கொண்டார். அன்று லெனர்ட் கால்களாலேயே ஆடி, கிண்டல் செய்து, டுரானை எரிச்சலின் எல்லைக்குத் தள்ள, எட்டாம் சுற்றில் டுரான் கையை உதறிவிட்டுச் சண்டை போதும் என்று விலகிக்கொண்டார். அந்தப் பதிவை எப்போது பார்த்தாலும் எனக்குச் சண்டையைவிட அந்தப் பாட்டுத்தான் பெரிதாகப் படுகிறது. நீ குத்துச்சண்டை ரசிகன், ஒப்புக்கொள்ள மாட்டாய்.

கடைசியாக ஒன்று. பிறந்திருக்கும் பேரனுக்கு உன் இளைய மாப்பிள்ளை அனிருத் என்று பெயர் வைக்க ஆசைப்படுவதாகவும், இசையமைப்பாளர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பதா என்று நீ முகம் சுளிப்பதாகவும் எழுதியிருந்தாய். இசையமைப்பாளர் அனிருத் பிறந்தது 1990-இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பிறந்து, தமிழ்நாட்டுக்கும் சென்னை சூப்பர் கிங்ஸுக்கும் ஆடியவர், உன் அபிமான ஸ்ரீகாந்தின் மகன் அனிருத். மாப்பிள்ளை அவர் கணக்கில் வைக்கட்டும், நீ உன் கணக்கில் கூப்பிடு. பெயர்சூட்டு விழா எந்தத் தேதி என்று மட்டும் முன்கூட்டியே எழுது, ரயிலில் இடம் பிடிக்க வேண்டும்.

என்றும் அன்புடன்,
சிவகுரு