துடைப்பதும் வேலைதான்

ஆசிரியருக்கு,

விமானத்துக்கு வண்ணம் பூசுவது பற்றிய உங்கள் கட்டுரையில் ஸ்ப்ரே கன் படங்கள் எல்லாம் அழகு. ஆனால் சுத்தம் செய்வதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெயின்ட் ஷாப்பில் காலம் தள்ளியவன் என்பதால் மனசு கேட்கவில்லை.

எமரித் தாள் போட்டுத் தேய்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கீறலுக்குள் கிரீஸ் போய் உட்கார்ந்துகொள்ளும். சால்வென்ட்டில், அதாவது பிசுக்கைக் கரைக்கும் திரவத்தில், நனைத்த துணியால் துடைத்து, அது காய்வதற்குள் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காயவிட்டால் கரைந்த அழுக்கு அதே இடத்தில் திரும்பப் படியும். துணியின் ஒரே பக்கத்தைத் திருப்பாமல் தேய்க்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கை பரபரக்கும். அப்புறம், அலுமினியத்தில் இரும்பு நார் ஆகவே ஆகாது. துகள் ஒட்டி அரிப்பு தொடங்கும்.

சரி, சுத்தமாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். படலம் உடையாமல் நின்றால் நல்லது. முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி துடைக்க வேண்டியதுதான். சிலிக்கோன் இன்னும் பொல்லாதது. அது கலந்த கை க்ரீம் தடவிய விரல் பட்டாலே புதுப் பெயின்ட்டில் மீன்கண் மாதிரி குழி விழும்.

அடுத்த முறை துணி பிடிப்பவர்களின் படத்தையும் போடுங்கள்.

ஓய்வுபெற்ற விமான பெயின்டர்,
பல்லாவரம்